தலை முழுக மாட்டேன்

அப்பா இறந்த பதினாறாம் நாள், எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் அவருக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். சொன்னவர் எங்கள் முப்பாட்டனார். அவர் இறங்கியிருந்தது பெரியப்பா மேல்.

எங்கள் குடும்பத்தில் அது வழக்கம். யார் செத்தாலும் பதினாறு அன்று முன்னோர் பெரியப்பா உடம்பில் இறங்கி, செத்தவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்களா இல்லையா என்று சொல்வார்கள். தெற்கேயிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்த பிறகும் அது விட்டுப்போகவில்லை. பெண்டாட்டியை அடித்துக் கொடுமைப்படுத்திய குடிகாரச் சித்தப்பாவைக்கூட ஒரு சேவலோடு மன்னித்துச் சேர்த்துக்கொண்டவர்கள்.

அப்பாவைச் சேர்க்கவில்லை.

"வாசல்ல நிக்கான். உள்ள விட மாட்டோம்" என்றார் பெரியப்பா, கண்ணை மூடி ஆடியபடி. "தாலியறுத்த தங்கச்சிக்கு மறுதாலி கட்ட வச்சவன்லா."

இருபத்து மூன்று வயதில் புருஷனை இழந்த அத்தைக்கு, நாலு வருஷம் முன்பு பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துவைத்தவர் அப்பா. சாட்சிக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது. அத்தை அன்று அடையாறிலிருந்து விடியற்காலையிலேயே வந்து அடுப்படியில் இருந்தாள். அப்பளம் பொரியும் சத்தம் நின்றது.

அம்மா கும்பிட்டபடி, "பரிகாரம் சொல்லுங்க சாமி" என்றாள்.

"மூத்த பிள்ள தலை முழுகட்டும். அத்தைன்னு ஒருத்தி எங்களுக்கு இல்லன்னு மூணு தரம் சொல்லட்டும். சேத்துக்கிடுதோம்."

ஆண் பிள்ளை கிடையாது. மூத்தவள் நான். பெரியம்மா அதற்குள் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. இறங்கி வரும் முன்னோரை நான் நம்பினேன். இன்றும் அடியோடு நம்பாமல் இல்லை. அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கோ நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது.

அத்தை வெளியே வந்தாள். "சொல்லிருட்டி. வெறும் வார்த்தைதானே. அண்ணன் உள்ள போகட்டும்."

நான் செம்பை வாங்கித் தரையில் வைத்தேன்.

"சொல்ல மாட்டேன் தாத்தா. பெரியப்பா வீட்டுப் பின்கட்டுல அத்தை மூணு வருஷம் இருட்டுல கெடந்தப்ப நீங்க யாரு மேலயும் எறங்கலையே? வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அப்ப வராதவங்களுக்கு இப்ப என்ன நியாயம்? அப்பா வாசல்லயே நிக்கட்டும். என் நாள் வந்தா நானும் போய் அவர் பக்கத்துல நின்னுக்கிறேன்."

பெரியப்பாவின் ஆட்டம் நின்றது. "நாசமாப் போவ" என்ற குரல் முப்பாட்டனாருடையதா அவருடையதா என்று தெரியவில்லை. துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் சாப்பிடாமல் அவர் பின்னால் போனார்கள். அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மனைவி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, அல்லாரும் துன்னாம போய்க்கினு கீறாங்க?"

"நீங்க வாங்கக்கா, பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு" என்றேன்.

அத்தை இலை போட்டாள். அம்மாவும் முகம் கழுவிக்கொண்டு வந்து பரிமாறினாள். ஆனால் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

ஆடி அமாவாசைக்கு முன்னால் பெரியப்பாவிடமிருந்து ஆள் வந்தது. முப்பாட்டனார் மனம் இரங்கிவிட்டாராம். நான் போய் விழுந்து கும்பிட்டால் போதுமாம். அம்மா ஆசையோடு என்னைப் பார்த்தாள்.

"அத்தையும் கூட வரலாமா?" என்று கேட்டேன். வந்தவர் தலையைச் சொறிந்தார்.

நான் போகவில்லை. அமாவாசை அன்று அத்தையோடு கடற்கரைக்குப் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். பொம்பளை விடக்கூடாது என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். விட்டு முடித்த பிறகுதான் யாரென்று திரும்பிப் பார்த்தேன்.