மூக்கை நம்பாதே

போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். டீ போட்டுத் தருகிறேன் ஆன்ட்டி என்று பக்கத்து வீட்டுப் பெண் சமையலறைக்குள் போனாள். தங்கமான பெண். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். கொஞ்ச நேரத்தில் கட்டிலில் கிடந்த எனக்குக் கேஸ் வாடை அடித்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன், அடுப்பைத் திருகிவிட்டு, லைட்டரைக் காணோமே என்று அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

"அடிப்பாவி, மொதல்ல கேஸை மூடு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, "குச்சியைக் கிழிச்சிட்டு அப்புறம்தானே கேஸைத் திறக்கணும்? லேபுல மொத நாள் பாடமே அதுதானேடி?" என்று கேட்டேன்.

"காலேஜ்ல சார்தான் பர்னர் பத்தவெச்சுக் காட்டுவாரு ஆன்ட்டி. நாங்க தொட்டதில்ல. ஸ்கூல்ல அதுவும் கெடையாது, வீடியோதான்" என்றாள், ஏதோ மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

எனக்கு வந்த எரிச்சலில் காய்ச்சல் இருப்பதே மறந்துபோயிற்று. வேதியியல் படிக்கிற பெண்ணுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியவில்லை என்றால் யாரைப் போய் அடிப்பது? நீங்களே சொல்லுங்கள்.

சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடையே கிடையாது. கசிந்தால் மனுஷனுக்குத் தெரியட்டும் என்றுதான் நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். நம் மூக்கின் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை போனது ஆம்பூரில்.

ஆம்பூர் என்றால் எல்லோரும் பிரியாணி வாசனையைச் சொல்வார்கள். அது கடைத்தெருவில். நான் கெமிஸ்ட்ரி டீச்சராக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருந்த பக்கம் வேறு காற்று. சுற்றிலும் தோல் பதனிடுகிற டேனரிகள். நான் குடியாத்தத்துக்காரி, தறிச் சத்தத்திலும் சாயத் தண்ணீரிலும் வளர்ந்தவள். முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேன். பூ விற்கிற அம்மா ஒருத்தி சிரித்துவிட்டு, "ஊருக்குப் புச்சா? ஒரு மாசத்துல பயகிடும்மா" என்றாள். நான் தினமும் குடியாத்தத்துக்கே திரும்பிப் போய்விட்டதால் எனக்குக் கடைசிவரை பழகவே இல்லை.

ஆய்வகம் என்று ஒரு நீள அறை. பிளஸ் ஒன் பெண்கள் முதல் முறையாக உள்ளே வருகிற நாள் இருக்கிறதே, என் தொண்டை அன்றைக்கே கட்டிக்கொள்ளும். பின்னலை மடித்துக் கட்டு. தாவணியை இடுப்பில் சொருகு. பர்னரின் காற்றுத் துளையை மூடிவிட்டுப் பற்றவை, அப்புறம் திற, நீலத் தீ வரும். சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடி, ஆட்டிக்கொண்டே சூடு காட்டு, ஒரே இடத்தில் காட்டாதே, வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பு. சுடுகிற கண்ணாடியும் சுடாத கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான், தொடாதே. இத்தனையும் சொல்லி முடித்துத் திரும்பினால், ஒருத்தி குழாயைத் தோழியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நேற்றுப் பார்த்த சினிமாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டில் விறகு அடுப்பில் பத்துப் பேருக்குச் சோறு வடிக்கிற பெண்கள்தான். அதுதான் வினையே. எனக்குத் தெரியாத நெருப்பா என்கிற மிதப்பு.

ஸ்பிரிட் விளக்கை ஊதக் கூடாது, மூடி போட்டு அணைக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு பார்த்தால் ஒரு மேசையில் விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருக்கிறது. வாசலுக்கு ஓடிப்போய் அந்த மேசைப் பெண்ணை இழுத்து வந்தேன். "வெள்ளிக்கெழம வெளக்க அணைக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும் மிஸ்" என்றாள். அது சாமி விளக்கு இல்லடி, ஸ்பிரிட்டு என்று தலையில் அடித்துக்கொண்டேன். "அப்ப நீங்களே மலையேத்திடுங்க மிஸ்" என்று பாவத்தை என் தலையில் கட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

ஒருமுறை குழாயிலிருந்து கொதித்துத் துள்ளிய திராவகம் ஒருத்தியின் தாவணியில் பட்டு ஓட்டை விழுந்தது. எச்.எம். அம்மா பர்னர்களையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுவிட்டார். "நெருப்பில்லாம கெமிஸ்ட்ரி நடத்தக் கூடாதா?" என்று ஒரு கேள்வி வேறு. உலை வைக்காமல் சோறு ஆக்கக் கூடாதா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தச் சாவியைத் திரும்ப வாங்குவதற்குள் நான் பட்ட பாடு நாய் படாது.

வெண்ணிலா என்று ஒரு பெண், டேனரித் தெருப் பிள்ளை. பிளஸ் டூ வந்தபோது அந்தப் பிள்ளைகளிலேயே நெருப்பை ஒழுங்காகக் கையாண்டவள் அவள்தான். அப்பா ஏழுமலை டேனரியில், தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ளுகிற வேலையும் உண்டு.

ஒரு நாள் ஆய்வகத்தில் சல்பைடு உப்புச் சோதனை. அதில் அமிலத்தை விட்டு லேசாகச் சூடு காட்டினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு வரும். நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். குழாய்கள் சூடாகின. குடியாத்தம் பஸ்ஸில் வருகிற பெண்கள் "அய்யய்ய" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். டேனரித் தெருப் பெண்கள் அப்படியே நிற்கிறார்கள். "இன்னாடி ஆச்சு இதுங்களுக்கு?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கிறாள். வகுப்பை நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி ஆகிவிட்டது.

திரும்பிப் பார்க்கிறேன், வெண்ணிலா குழாயின் வாயிலேயே மூக்கை வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். பாய்ந்து போய்க் கையைத் தட்டிவிட்டேன். "கையால விசிறி மோந்து பாருன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? செத்துப் போவேடி!" என்று கத்தினேன்.

அவள் அழுதுவிட்டாள். "எனக்கு வாசனையே வர்ல மிஸ். பரிச்சையில இன்னா எழுதுவேன்?"

பிறந்ததிலிருந்து அதே வாயுவை முகர்ந்துகொண்டிருக்கிற மூக்கு. தோலிலிருந்து முடியை உதிர்க்க சுண்ணாம்போடு சல்பைடைத்தானே போடுகிறார்கள். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. பாடப்புத்தகம் எழுதியவருக்கு ஆம்பூரில் ஒரு மூக்கு இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டதே! லெட் அசிடேட் கரைசலில் தோய்த்த தாள் ஒன்றை எடுத்து, நனைத்து, குழாயின் வாயில் காட்டினேன். நொடியில் கறுத்தது. "உன் மூக்கு சொல்லலைன்னா இது சொல்லும். இன்னொண்ணு கேட்டுக்கோ. இந்த வாயு ஜாஸ்தியா இருந்தா எல்லாருக்குமே மூக்கு மரத்துடும். வாசனை நின்னுபோச்சுன்னா வாயு போச்சுன்னு அர்த்தம் இல்ல" என்று சிடுசிடுப்பாகவே சொன்னேன்.

அவள் அழுகை நின்றுவிட்டது. "எங்கப்பா ஆளுங்க தொட்டி மூடியத் தொறந்து வெச்சிட்டு பீடி புடிச்சிக்கினு உக்காந்திருப்பாங்க மிஸ். வாசனை போய்ட்டா எறங்கலாம்பாங்க. அதான் அவங்க கணக்கு."

அடுத்த ஞாயிறு தொட்டி வேலை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். நாலைந்து தாள்களைச் சுருட்டிக் கொடுத்தேன். நூலில் கட்டி இறக்கு, கறுத்தால் இறங்க விடாதே, வெள்ளையாக இருந்தால் இறங்கலாம் என்று அர்த்தமில்லை, வேறு வாயுவும் இருக்கும், தாளில் இருப்பது ஈய விஷம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று அனுப்பினேன். எச்.எம். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பீரோ மறுபடி பூட்டிக்கொள்ளும்.

திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய லுங்கியை என்னைப் பார்த்ததும் இறக்கிவிட்டார், ஆனால் குரலை இறக்கவில்லை.

"இன்னா டீச்சரம்மா கத்துக்குடுத்து அனுப்புனீங்க? தொட்டி பக்கத்துல என் காலப் புடிச்சிக்கினு எறங்க உடமாட்டேன்னு கத்துது. தாளு கறுத்துப்போச்சாம்! மேஸ்திரி சிரிக்கிறான், கூட வேல செய்றவன்லாம் சிரிக்கிறான். மானமே போச்சு. எத்தினி வருசமா எறங்குறேன், எனக்குத் தெரியாதா?"

"இறங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க எறங்குறது? ஒரே பேஜாரு. எந்திரிச்சு ஊட்டுக்குப் போய்ட்டேன்."

எனக்கும் கோபம்தான். வாசலில் நின்று இந்த மனுஷனோடு வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை என்று ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெண்ணிலாவை வகுப்பிலிருந்து வரவழைத்து, "நீயே செய்" என்று சொன்னேன். பின்னலைத் தூக்கிக் கட்டினாள். குச்சியைக் கிழித்துவிட்டுத்தான் கேஸைத் திறந்தாள். தீயை நீலமாக்கினாள். குழாயைச் சாய்த்து, வாயை ஜன்னல் பக்கம் திருப்பி, ஆட்டிக்கொண்டே சூடு காட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் வேலைக் காலத்தில் அவ்வளவு சுத்தமாக ஒருத்தி செய்து நான் பார்த்ததில்லை.

நான் எட்டத்தில் நின்றும் குமட்டலில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஏழுமலை என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"நெசமாவே நாறுதா டீச்சரம்மா?"

"வாந்தி வருது எனக்கு."

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றார். வெண்ணிலா தாளைக் காட்டினாள். அவர் கண் முன்னாலேயே அது கறுத்தது.

அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எங்கூட வேல செஞ்ச என் தோஸ்த்து ஒருத்தன் எறங்குனவன் ஏறல. வலிப்புன்னாங்க. அவனும் வாசனை போச்சுன்னு சொல்லிட்டுத்தான் எறங்குனான்" என்று மெதுவாகச் சொன்னார். கிளம்பும்போது, "அந்தத் தாளு இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்று கேட்டார். இருந்ததையெல்லாம் சுருட்டிக் கொடுத்தேன். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் டேனரித் தெருப் பெண்கள் தாள் தோய்த்து, நிழலில் காயவைத்து, வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். சிரித்த மேஸ்திரியே பிறகு ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போனார். "லெட் அசிடேட் ஏன் இப்படிக் கரையுது?" என்று எச்.எம். அம்மா கேட்பார். "கை தவறிக் கொட்டிடுச்சு மேடம்" என்பேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பாட்டிலுக்குக் கையெழுத்துப் போடுவார். மகராசி, நன்றாக இருக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்றபின் ஒருமுறை ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஆய்வகத்தைப் பார்க்கப் போனேன். தரையெல்லாம் டைல்ஸ், சுவரில் பெரிய திரை. கேஸ் குழாய்களின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். "எதுக்கு மிஸ் வம்பு? யாருக்காவது கை சுட்டா பேரன்ட்ஸ் சண்டைக்கு வர்றாங்க. வீடியோல இன்னும் தெளிவாவே தெரியுது" என்றார் இப்போதிருக்கிற சார். சல்பைடு உப்பு நாறுகிறது என்று அதை வாங்குவதையே நிறுத்திவிட்டார்களாம். நல்ல மனுஷன்தான், கல்மிஷமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தத் திரையைக் கல்லால் அடிக்கலாமா என்றிருந்தது.

இப்போது தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பலகைகூட வைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்திலேயே இறக்குகிறார்கள். இந்த வருஷம் ஒரு தொட்டியில் இரண்டு பேர். ஒருவர் விழுந்தார், தூக்கப் போன இன்னொருவரும் விழுந்தார். வெண்ணிலா இப்போது வேலூரில் நர்ஸ். அவள்தான் போன் பண்ணினாள், செத்தவர்கள் அவள் தெருக்காரர்களாம். துக்கம் கேட்க இரண்டு பேரும் சேர்ந்து போனோம்.

முதலில் விழுந்தவருக்கு ஒரே பெண். பள்ளிச் சீருடைப் பாவாடையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் வெண்ணிலாவிடம், "அந்தத் தாள் ஒண்ணு இருந்திருந்தா" என்று முணுமுணுத்தேன். அது அந்தப் பெண் காதில் விழுந்துவிட்டது.

"லெட் அசிடேட் தாளா மிஸ்?" என்றாள். நம் பள்ளிதான், பிளஸ் டூ, சயின்ஸ் குரூப். அழுது வீங்கிய முகத்தோடு, கேட்காமலே ஒப்பித்தாள். "ஹைட்ரஜன் சல்பைடு நிறமற்ற, அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு. இது லெட் அசிடேட் தாளைக் கருமையாக்கும்." ஓர் எழுத்து பிசகவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அந்தத் தாளு எப்டி மிஸ் இருக்கும்?"