பதினோரு முறை போய்வந்த ஜெய்சல்மேர்

டூர் பஸ்ஸில் சமையல்காரனுக்கு ஜன்னல் சீட் கிடைக்காது. கிடைத்தாலும் அதில் அவனுக்கு முன்னால் வெங்காய மூட்டை உட்கார்ந்திருக்கும்.

‘எங்கே போனாலும் நம்ம வீட்டுச் சாப்பாடு’ என்று விளம்பரம் செய்கிற ஒரு பெங்களூர் டூர் கம்பெனியில் நான் சமையல் மாஸ்டர். எங்கள் ராஜஸ்தான் டூரில் கடைசி ஊர் ஜெய்சல்மேர். பாலைவனத்தின் நடுவில் ஒரு குன்று, குன்றின் மேல் மஞ்சள் கல்லில் கட்டிய கோட்டை, அதன் காலடியில் ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்குப் பதினோரு முறை போய்வந்தேன். அந்தப் பதினோரு முறையில் கோட்டைக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. முதல் நாள் சாயங்காலம் பயணிகள் மணல்மேட்டுக்குப் போகும்போது நான் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். மறுநாள் காலையில் அவர்கள் கோட்டைக்குப் போகும்போது மதிய சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பேன். வந்து சாப்பிட்டதும் பஸ் கிளம்பிவிடும். ஹோட்டல் பின்கட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் கோட்டையின் ஒரு மூலை தெரியும்.

கல்யாண வீட்டில் பந்தியைக் கவனித்துத் தாலி கட்டுவதைப் பார்க்காமல் விட்டவர்கள், எல்லோரையும் போட்டோ எடுத்துவிட்டு எந்தப் போட்டோவிலும் இல்லாதவர்கள், நீங்கள் எல்லாம் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பத்து விசில்

முதல் முறை போனபோது எனக்கு ஒரு திட்டம் இருந்தது. பயணிகள் கோட்டைக்குக் கிளம்பியதும் குக்கரை ஏற்றிவிட்டு, பருப்பு வெந்ததும் ஒரு ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நாலு விசில் வந்தது. திறந்தால் துவரம்பருப்பு போட்டபடி கிடக்கிறது. மறுபடி மூடி ஆறு விசில். அப்போதும் பல்லில் கடிபட்டது. முப்பத்தாறு பேருக்குச் சமைக்க வேண்டும். அடுப்பைத் திட்டினேன், சிலிண்டரைத் திட்டினேன், பெங்களூர் சிவாஜிநகரில் எனக்குப் பருப்பு போட்ட கடைக்காரரையும் விடவில்லை.

அந்த ஹோட்டலில் மோட்டார், தொட்டி, குழாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் பன்வர்லால். என் வயதுதான். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு குக்கரில் இருந்த தண்ணீரைக் கொட்டச் சொன்னார். அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், உப்பு. அதில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு குழையாதாம். குடிப்பதற்காகத் தனியாகப் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரை இரண்டு கேனில் கொண்டுவந்து கொடுத்தார். பருப்பு வெந்தது. பயணிகளும் வந்துவிட்டார்கள். ஆட்டோவும் இல்லை, கோட்டையும் இல்லை. சிவாஜிநகர் கடைத்தெருவில் பழகிய என் உருதுவில் அவருக்கு நன்றி சொன்னேன். அவர் அதைக் கேட்டு நன்றாகச் சிரித்துவிட்டுச் சொன்னார்: “இந்த ஊருக்கு வர்ற ஆளு முதல்ல தண்ணி எங்கேன்னு கேப்பான். நீ அடுப்பு எங்கேன்னு கேட்டே.”

ஒட்டகத்துக்குத் தெரிந்தது

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் வெங்காயம் உரிக்கும்போது பன்வர்லால் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வார். கைக்கு வேலையும் வாய்க்கு ஆளும் கிடைத்தால் அவர் நிறுத்தமாட்டார். ஜெய்சல்மேரின் சரித்திரம் முழுவதையும் நான் வெங்காயக் கண்ணீரோடுதான் கேட்டேன்.

ஊருக்கு வெளியே ராஜா வெட்டிய ஒரு பெரிய குளம். மழைத் தண்ணீர்தான். பல நூறு வருஷம் ஊர் முழுக்க அந்தக் குளத்தை நம்பித்தான் இருந்திருக்கிறது. பெண்கள் குடம் தூக்கி வந்து கோட்டை ஏறியிருக்கிறார்கள். சிந்து தேசம் வரைக்கும் போகிற ஒட்டகச் சாரிகள் இங்கே தங்கித் தண்ணீர் காட்டிக்கொண்டு போகும். அந்த வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் மரத்தைச் செதுக்குவதுபோலக் கல்லைச் செதுக்கி மாளிகை கட்டினார்கள். அப்புறம் சரக்கெல்லாம் கப்பலில் போக ஆரம்பித்தது. தேசம் இரண்டானபோது எல்லையும் மூடிக்கொண்டது. ஒட்டகங்கள் சும்மா நின்றன, பலபேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். வெகுகாலம் கழித்துத்தான் கல்லைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

பன்வர்லால் கோட்டைக்குள்ளேயே பிறந்தவர். அங்கே இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு, பழங்காலத்துச் சாக்கடை அத்தனை தண்ணீரைத் தாங்கவில்லை. சுவரெல்லாம் ஈரம் ஊறி, அவர் வீட்டில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. குடும்பத்தோடு கீழே வந்துவிட்டார். தண்ணீர் இல்லாமல் எண்ணூறு வருஷம் நின்ற கோட்டைக்குத் தண்ணீர் வந்ததும்தான் ஆபத்து என்று சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பேச்சை மாற்ற, இப்போது ஊர் பிழைத்துக்கொண்டதா என்று கேட்டேன். “முன்னாடி ஒட்டகத்து மேல பட்டு வந்துச்சு, இப்போ உங்க பயணிங்க வர்றாங்க. ஒட்டகத்துக்கு என்ன தெரியும், கனம்தான் தெரியும்” என்றார்.

எப்படி சார் இருந்தது?

கோட்டையிலிருந்து திரும்புகிறவர்களிடம் நான் விசாரிப்பேன். பரிமாறிக்கொண்டே, ரொம்ப அக்கறை இல்லாதவன் மாதிரி கேட்பேன். ஒருவர் “வெயில்” என்றார். ஒருவர் “படி ஜாஸ்தி” என்றார். ஒரு அம்மாள் மூன்று மணி நேரம் மேலே இருந்துவிட்டு வந்து, பெட்ஷீட் விலையை மட்டும் சொன்னார். கோட்டையைப் பார்க்க எத்தனை ஆயிரம் மைல் வந்தார்களோ, வந்து இலையைப் பார்க்கிறார்கள். என் சமையலுக்கு அது பெருமைதான். ஆனாலும் வயிறு எரிந்தது.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்த ஸ்டெல்லா டீச்சர் மட்டும் வேறு மாதிரி. ரிட்டயர் ஆனவர். நான் கேட்டதும், தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கே வந்து, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மேலே ஏறுகிற வழியில் நாலு வாசல். வளைந்து வளைந்து போகும். கால்பட்டுக் கால்பட்டுக் கல் வழுவழுவென்று ஆகிவிட்டது, செருப்பு வழுக்கும். நாலாவது வாசலைத் தாண்டினால் ஒரு சதுக்கம், அங்கே அரண்மனைப் படிக்கட்டின் மேல் ராஜாவுடைய வெள்ளைக்கல் ஆசனம். அதற்கப்புறம் சந்து சந்தாக வீடுகள். அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கிய ஒரு மாடத்தில் ஏதோ ஒரு பிள்ளையின் ஸ்கூல் சட்டை காய்ந்துகொண்டிருந்ததாம். ஒன்று விடாமல் சொன்னார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டேன். கடைசியில் அவர் சொன்னது இது: “மாஸ்டர், மியூசியம்னு நெனச்சுப் போனேன். போய்ப் பார்த்தா, யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்னு அவங்க துணியப் போட்டோ எடுத்துட்டு இருக்கேன்.”

மர்பி டவுன் குழாயடி

இனிமேல் சொல்லப்போவது என் குற்றம். வீடு பெங்களூரில், மர்பி டவுனில். என் மனைவி கஸ்தூரி அதுவரை திருப்பதியைத் தாண்டி எங்கும் போனதில்லை. முதல் முறை நான் திரும்பி வந்ததும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, “கோட்ட எப்டியா இருந்துச்சு?” என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ‘நான் பார்க்கவில்லை, பருப்பு வேகவில்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் காதில் விழுந்ததை வைத்து ஏதோ சொன்னேன். அடுத்த முறை பன்வர்லாலின் குளத்தையும் ஈரச் சுவரையும் சேர்த்தேன். டீச்சர் வந்துபோன பிறகு எனக்குப் பஞ்சமே இல்லை. நாலு வாசல், வழுக்குகிற கல், வெள்ளை ஆசனம், ஸ்கூல் சட்டை எல்லாமே நான் பார்த்தவை ஆகிவிட்டன.

ஒவ்வொரு முறையும் அவள் முதலிலிருந்து சொல்லச் சொல்வாள். ஒரு வாசலை விட்டுவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள். நாளாக ஆகப் பொய் எனக்குப் பாரமாகிவிட்டது. இன்று சொல்லிவிடுவோம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்திருக்கிறேன். ஒருநாள் சொல்லியே தீர்வது என்று முடிவுசெய்து குழாயடிக்குப் போனேன். அங்கே அவள் குடத்தை நிமிர்த்தியபடி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எங்க வூட்டுக்காரு அந்தக் கோட்டைல ஒரு கல்லு பாக்கி வெக்காம பாத்தவரு. இட்டுகினு போறேன்னிருக்காரு, நான் அவரு கூடதான் பாப்பேன்.”

காலி சீட்டு

போன ஆயுத பூஜைக்கு ஆபீசில் பஸ்ஸுக்கெல்லாம் மாலை போட்டிருந்தபோது, புதிதாக வந்த மேனேஜர் சதீஷிடம் கஸ்தூரி ஜெய்சல்மேரை விவரித்திருக்கிறாள். கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார். அப்படியே அசந்துபோய்விட்டார். அடுத்த ராஜஸ்தான் டூரில் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் ஒரு பயணி வரமுடியாமல் போயிற்று. சதீஷ் எனக்குப் போன் செய்தார். நல்ல மனிதர், நல்லதுதான் நினைத்தார். “மாஸ்டர், ஒரு சீட்டு காலி, மிஸ்ஸஸ கூட்டிட்டு வந்துடுங்க. அவங்களுக்குக் கோட்டைய காட்டக் கைடு எதுக்கு, நீங்க இருக்கீங்களே, நீங்களே இதீரல்லா!”

புது ஷூ

கஸ்தூரி புடவைக்குக் கீழே புதுக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தாள். கல் வழுக்கும் என்று நான் சொன்னேன் அல்லவா, அதற்காக. பஸ்ஸில் அந்த ஷூவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேர்த்தது.

ஜெய்சல்மேரில் இரண்டாம் நாள் காலை எல்லோரும் கோட்டைக்குக் கிளம்பினார்கள். இவள் பஸ் ஏறவில்லை. நேராகப் பின்கட்டுக்கு வந்து, எப்போது கிளம்பலாம் என்று கேட்டாள். நான் குக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். அப்போது பன்வர்லால் தண்ணீர்க் கேனோடு வந்தார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. “அண்ணி, நீங்களாவது இவரை மேலே கூட்டிட்டுப் போங்க. பதினோரு தடவையும் சொல்லிட்டேன், இந்த மதிலைத் தாண்ட மாட்டேங்கறார்” என்றார். கஸ்தூரி சிவாஜிநகரில் வளர்ந்தவள். அவளுக்கு உருது என்னைவிட நன்றாகவே புரியும்.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“அப்போ அந்த ஸ்கூல் சட்ட?”

“டீச்சர் சொன்னாங்க.”

“நாலு வாசலு?”

“அதுவும் அவங்கதான்.”

“நீ இன்னாதான்யா பாத்த?”

தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். அவள் ஷூவோடு அதன் மேல் ஏறி நின்று, அந்த ஒரு மூலையைப் பார்த்தாள். இறங்கி வந்தபோது கண் கலங்கியிருந்தது, கோபமா வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. நேரே போய் அடுப்பை அணைத்தாள்.

முப்பத்தாறு பேர் சாப்பாடு, வேலை போய்விடும் என்று நான் பதறினேன். விஷயத்தை ஒருவாறு புரிந்துகொண்ட பன்வர்லால் என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். தங்கள் ஊர்ப் பருப்பும், நெருப்பில் சுடுகிற கோதுமை உருண்டையும் தான் செய்து போடுவதாகவும், கோட்டை எண்ணூறு வருஷம் நின்றிருக்கும்போது என் சாம்பார் ஒருநாள் நிற்காதா என்றும் சொன்னார்.

ஆட்டோவில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முதல் வாசலைத் தாண்டினோம். இரண்டாவது வாசலுக்குப் போகிற ஏற்றத்தில் என் ரப்பர் செருப்பு வழுக்கியது, விழப்போனேன். அவள் கான்வாஸ் ஷூவை ஊன்றிக்கொண்டு என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த கையை விடவில்லை. “இப்ப மூணாவது வாசலு வரும் பாரு” என்றாள். வந்தது. “நாலாவது தாண்டுனா சதுக்கம். மேல பாரு, ராஜா உக்கார்ற வெள்ளக் கல்லு.” இருந்தது. சந்துக்குள் ஒரு சுவரைத் தொட்டு, ஈரமான உள்ளங்கையை எனக்குக் காட்டினாள். ஒரு மாடத்தில் ஸ்கூல் சட்டை இல்லை, குழந்தைப் போர்வை காய்ந்தது. கேமராவைத் தூக்கிய யாரோ ஒருவரை முறைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததும் கிடையாது. கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். “கோவம் அப்டியேதான் இருக்குது, அத மர்பி டவுன் போயி வெச்சிக்கலாம். இப்ப பேசாம என் பின்னால வா, பதினோரு தடவ கேட்டவ நானு, எனக்குத்தான் வழி தெரியும்.”

அன்றைய பயணிகள் கருத்துப் புத்தகத்தில் ‘மதியம் சாம்பார் இல்லை’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் என்மேல் வந்த ஒரே புகாரும் அதுதான், ஜெய்சல்மேர் கோட்டை ஏறியதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சியும் அதுதான்.