மாப்பிள்ளை பார்க்கப் போன கேக் கடை

மாப்பிள்ளை பார்ப்பதென்றால் வீட்டில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கோயிலில் பார்க்க வேண்டும். ஊன்ட்றொப் அம்மன் கோயில் வாசலில் நான் பேசி முடித்து வைத்த சம்பந்தங்கள் எத்தனையோ. என் மகள் விரும்பிய பொடியனோ என்னைக் கேக் கடைக்குக் கூப்பிட்டான். நாங்கள் இருப்பது எசன் நகரம், அவன் இருப்பது டார்ம்ஸ்டாட். இரண்டுக்கும் நடுவில், பெயர் வாயில் நுழையாத ஒரு சின்ன ஊர்.

"ஒருக்கா அவரைப் பாருங்கோ அப்பா. உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டால் விட்டிடுறன்" என்று மகள் காரில் சொன்னாள். பிடிக்கவில்லை என்று சொல்வதற்காகத்தான் நான் புறப்பட்டதே.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த வெள்ளைக்கார நாட்டில் சட்டி கழுவத் தொடங்கி, இன்று கலியாண வீடுகளுக்கு ஆயிரம் பேருக்கென்றாலும் அசராமல் சமைத்து அனுப்புகிறேன். அப்படிப்பட்டவன் இருப்பதற்கு அந்தக் கடையில் ஒழுங்கான கதிரை இல்லை. ஒரு பக்கம் கிரீம் கேக்குகள், மதிலுக்குப் பெயின்ட் அடித்த மாதிரி. மறுபக்கம் ஜப்பான் இனிப்புகள், நகைக்கடையில் வைப்பதுபோல் ஒவ்வொன்றாக. விற்க மனமில்லாதவர்கள் ஏன் கடை திறக்கிறார்கள்?

பொடியன் தமிழ்நாடு, என்ஜினியர், ஒட்டடைக் கம்பு போல ஆள். பெரிய வெள்ளைத் தட்டில் மூன்று உருண்டைகளைக் கொண்டுவந்து வைத்தான். ஆளுக்கு ஒன்று! என் சமையலறையில் ருசி பார்க்கவே அதைவிடக் கூட எடுப்போம்.

"இது மோச்சி அங்கிள். அரிசி மாவு, உள்ளே ரெட் பீன் ஸ்டஃபிங். டெக்ஸ்ச்சர் செமயா இருக்கும்."

"வெளியிலை மா, உள்ளுக்குப் பயறு. எங்கடை மோதகம்தானே தம்பி. இதுக்கு ஜப்பானுக்குப் போகோணுமோ?"

"அப்பா, குச்சியாலை வெட்டிச் சாப்பிடுங்கோ, ஒட்டும்" என்றாள் மகள்.

"எனக்கு ஒருத்தரும் சாப்பிடப் பழக்கத் தேவையில்லை."

முழுதாகப் போட்டுக் கடித்தேன். சுத்தப் பசை. போஸ்டர் ஒட்டலாம். வாயைத் திறக்கப் பார்த்தால், மேல்வரிசைக் கட்டுப்பல் உருண்டையோடு சேர்ந்து கழன்றுவிட்டது. மகள் குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பொடியன் கண்டுவிட்டான். சிரிக்கட்டும், அந்தச் சாட்டோடு எழும்பிப் போகலாம் என்று காத்திருந்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "வா, அங்கிளுக்கு ஒரு கேக் செலக்ட் பண்ணலாம்" என்று மகளைக் கண்ணாடிப் பெட்டியடிக்குக் கூட்டிப்போனான். என்னை மறைத்தபடி நின்றுகொண்டு, ஒவ்வொரு கேக்கிலும் என்ன போட்டிருக்கிறதென்று விற்கிற பெண்ணிடம் விசாரித்துக்கொண்டேயிருந்தான். கைக்குட்டைக்குள் நான் காரியத்தை முடித்து நிமிர்ந்த பிறகுதான் திரும்பி வந்தார்கள்.

அந்தக் கேக்கும் மகா கேவலம், நனைந்த பஞ்சு. அவனோ அதையும் "சூப்பர்" என்றான். நாக்குச் செத்த பிள்ளை.

"என்னப்பா சொல்லுறியள்?" என்று மகள் கேட்டாள். கைகள் இரண்டையும் மேசைக்குக் கீழே வைத்திருந்தாள்.

"இவருக்குச் சாப்பாடும் தெரியாது, நல்ல கடையாப் பார்க்கவும் தெரியாது" என்றேன். அவள் முகம் கறுத்தது. நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"வாற ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாரும் தம்பி. வரேக்கை அப்பா அம்மாவின்ரை ஃபோன் நம்பரையும் கொண்டு வாரும்."