ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும்

போடியிலிருந்து மலை ஏறும் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டால் எங்கள் ஜீப்புதான் பின்னால் போக வேண்டும். பஸ் கண்டக்டர் இறங்கி நின்று விசில் ஊதுவார். இரண்டு விசில் என்றால் வரலாம். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். அந்த ஒரு விசிலுக்கு அப்புறமும் வண்டி உருண்டால், கீழே இறங்கித் தேடத்தான் ஆள் வரும். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு பதினாறு வருஷமாக அந்தச் சாலையில் ஓட்டுகிறேன். விசில் காதில் விழுந்தால் நான் யோசிப்பதில்லை. கால் தன்னால் நின்றுவிடும். அப்படி நின்றதால்தான் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறேன். அப்படி நின்றதால்தான் எங்கள் ஃபுட்பால் கிளப் முதல் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதானே, இதில் எனக்கென்ன வெட்கம்.

போன சீசனின் கடைசி மேட்ச். டிரா செய்தால் போதும், முதல் டிவிஷனில் இருந்துவிடலாம். ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது, மூன்று நிமிஷம்தான் பாக்கி. நான் பேக் ஆடுகிறவன், எங்கள் கோல் முன்னால் நிற்கிறேன். பந்து உருண்டு என்னிடம் வருகிறது, பக்கத்தில் ஓர் ஈ காக்கா இல்லை. ஓங்கி ஒரு உதை விட்டால் வேலை முடிந்தது. அந்த நேரம் பார்த்து மைதானத்தை ஒட்டிய ரோட்டில் தேவாரம் ஊருக்குப் போகும் பஸ் வந்து, யாரையோ இறக்கிவிட, கண்டக்டர் ஒரு விசில் ஊதினார். நான் நின்றுவிட்டேன். நின்றதோடு விட்டேனா? ரெஃப்ரி ஊதிவிட்டார், ஆஃப்சைடோ ஏதோ போல என்று, குனிந்து இரண்டு கையாலும் பந்தை எடுத்து, எதிர் டீம் ஃபார்வர்டிடம் மரியாதையாக நீட்டினேன். அவன் என்னையே பார்த்தான். நான், "இந்தாங்க, உங்க பால்தான்" என்றேன்.

பெனால்டி, கோல், இரண்டாம் டிவிஷன்.

அந்த விசிலை ஊதிய கண்டக்டர் யார் என்று கேளுங்கள். என் சொந்த மச்சான். என் வீட்டுக்காரியின் கூடப் பிறந்த அண்ணன்.

அவர் மேல் தப்பில்லை என்று எனக்கும் தெரியும். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஊதுவதுதான் அவருடைய வேலை. ஆனால் கோபத்துக்குத் தெரிய வேண்டுமே. மூன்றாம் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "என்ன மாப்ளே, நான் ஊதுனா பஸ்சுதான நிக்கணும், நீ ஏன் நின்ன?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். அதோடு பேச்சு நின்றது. நடுவில் கிடந்து திண்டாடியவள் என் வீட்டுக்காரி. "ரெண்டு பேரும் எருமைக்கடா மாதிரி முட்டிக்கிட்டு நில்லுங்க, நான் எங்காத்தா வீட்டுக்குப் போறேன்" என்பாள். போக மாட்டாள், சொல்வாள்.

ஊர் சும்மா இருக்குமா. எனக்கு 'விசில்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் போய் நின்றால் பின்னாலிருந்து எவனாவது ஊதுவான். திரும்பினால் எல்லோரும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வயது முப்பத்தெட்டு. முட்டி இரண்டும் இன்னும் ஒரு வருஷம்தான் தாங்கும் என்று எனக்கே தெரிந்தது. அந்த ஒரு வருஷத்தில் கிளப்பைத் திரும்ப மேலே ஏற்றாமல் விட்டால், இருபது வருஷம் ஆடியதெல்லாம் போய், பந்தைக் கையில் எடுத்துக் கொடுத்தவன் என்றுதான் சாகும்வரை சொல்வார்கள். அதை நினைத்தால் சோறு இறங்காது. அந்தப் பெயரோடு ஆட்டத்தை நிறுத்த எனக்கு மனசில்லை.

எங்கள் கேப்டன் ஏலக்காய்க் கடையில் காய் சலித்து ரகம் பிரிக்கிறவர். எதையும் சலித்துப் பார்த்துத்தான் பேசுவார். இரண்டாம் டிவிஷன் சீசன் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டு, "உன் காதுதான்டா கோளாறு. அதைச் சரி பண்ணுவோம்" என்றார். தினமும் சாயங்காலம் நான் பந்தோடு ஓடும்போது அவர் கண்டபடி விசில் ஊதுவார். நான் நிற்கக் கூடாது. நின்றால் மைதானத்தை மூன்று சுற்று. முதல் வாரம் பந்தைவிடச் சுற்றுதான் அதிகம் ஓடினேன். மூன்றாவது வாரம் விசிலைக் கேட்டும் ஓடப் பழகிவிட்டேன். கேப்டன் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே வியாழக்கிழமை காலை, ஒன்பதாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. நான் பின்னால் எடுத்தேன். வண்டியில் பதினோரு பெண்கள். அந்த மலை பஸ்ஸின் கண்டக்டர், மச்சான் இல்லை, வேறு ஆள், இரண்டு விசில் ஊதினார், வந்தேன். அப்புறம் ஒரு விசில் ஊதினார். கேட்டது, நன்றாகக் கேட்டது. என் கால் நிற்கவில்லை. ஒரு நொடிதான் இருக்கும். பின் சக்கரம் கட்டைச்சுவரில் மோதிப் பொத்தென்று நின்றது. பின்னால் இருந்த பெண்கள் போட்ட கூச்சல் குரங்கணிவரை கேட்டிருக்கும்.

அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவர் ஒரு அக்கா. இருபத்தைந்து வருஷமாகக் காயெடுப்பவர், வாயைத் திறந்தால் எஸ்டேட் சூப்பர்வைசரே ஒதுங்கிப் போவார். இறங்கி என் பக்கம் வந்தார்.

"ஏய்யா, காது செத்துப் போச்சா உனக்கு?"

பிராக்டிஸ் கதையைச் சொன்னேன்.

"அடப்பாவி மனுசா! பந்து வெளாடுறதுக்காக விசிலை மறந்தியா? பதினோரு பொம்பளைக உசுரு உன் காலுல இருக்குய்யா. நாளைக்கும் இப்படின்னா நாங்க வேற ஜீப்பு பாத்துக்குறோம்."

சரியான கேள்விதான். அன்று சாயங்காலம் கேப்டனிடம் போய், "எனக்குக் காது வேணும். நான் ஆடலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன் என்றால் நம்புவீர்களா? அழுதேன்.

மறுநாள் காலை, ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று பெண்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பை எடுத்தேன். என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை போல. வளைவு தாண்டி மேலே போனதும் அக்காதான் ஆரம்பித்தார்.

"நீ விசிலுக்கு நின்னதால தோத்தியா, பந்தைக் கையில எடுத்ததால தோத்தியா?"

"கையில எடுத்ததால."

"பெறகென்ன? காலு நின்னா நின்னுட்டுப் போகுது. கையைக் கட்டிப் போடு. காயெடுக்கும்போது கை நெறையக் காய் இருந்தா, காலுல அட்டை ஏறிக் கடிச்சாக்கூட நாங்க கையை விட மாட்டோம். காய் செதறிரும்ல. நீயும் கை நெறைய எதையாவது புடிச்சுக்க."

ஜீப்பில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோதுதான், இதில் என்ன தப்பிருக்கிறது என்று தோன்றியது.

கேப்டன் கதையைக் கேட்டுவிட்டுக் கடைக்குள் போனார். இரண்டு கை நிறைய ஏலக்காயோடு வந்தார். சலித்து ஒதுக்கிய பொடிக் காய், பாதி வெடித்தது. "நல்ல காயா குடுப்பேன்னு நெனைச்சியா? உன் ஆட்டத்துக்கு இது போதும்" என்றார்.

அந்த சீசன் முழுக்க நான் இரண்டு கையையும் பொத்திக்கொண்டுதான் ஆடினேன். த்ரோ எடுக்க மாட்டேன். எதிர் டீம்காரன் சட்டையைப் பிடித்து இழுக்கவும் முடியாது. அதனால் ஃபவுல் பாதியாகக் குறைந்தது. முதல் மேட்சில் எதிர் ஃபார்வர்டு நான் குத்த வருகிறேன் என்று நினைத்து ஒதுங்கி ஒதுங்கிப் போனான், பாவம். விசில் கேட்டால் கால் ஒரு கணம் நிற்கும், கை மூடியே இருக்கும், அப்புறம் ரெஃப்ரியைப் பார்த்துவிட்டு ஓடுவேன். விசில் பிராக்டிஸை விட்டுவிட்டதால் மலையில் முன்போலவே ஒரு விசிலுக்கு நின்றேன். அக்கா பின்னாலிருந்து, "இது ரோட்டுக் காலு" என்று சான்றிதழ் கொடுப்பார்.

ஜெயித்தோம். எல்லாவற்றிலும் இல்லை, சின்னமனூர்ப் பக்கம் போய் ஒரு மேட்சில் நாலு கோல் வாங்கிக்கொண்டும் வந்தோம். ஆனாலும் ஜெயித்தோம். மலையில் மழை பிடித்தால் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஆட்கள் மூன்று பேர் இறங்க முடியாது. அப்போது எட்டுப் பேரை வைத்து ஆடியிருக்கிறோம்.

இன்னொன்றும் நடந்தது. நாலாவது மேட்சில்தான் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவாரம் பஸ் மைதானத்துப் பக்கம் வந்தால் விசில் சத்தமே இல்லை. தகரத்தில் தட்டும் சத்தம்தான் கேட்டது, தப் தப் என்று. திரும்பிப் பார்த்தேன். மச்சான் பின்படியில் தொங்கிக்கொண்டு, பஸ்ஸின் பக்கவாட்டைக் கையால் தட்டிக்கொண்டு போகிறார். விசில் சட்டைப் பைக்குள் இருந்தது. என்னை அவர் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை, நான் நிச்சயமாகக் கேட்கவில்லை. சீசன் முழுக்க அப்படித்தான் தட்டினார். எனக்கு நெஞ்சு இளகித்தான் போனது, ஆனால் போய்ப் பேச வீராப்பு விடவில்லை. இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரி, "அவருக்குக் கை வீங்கியிருக்கு, தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசி மேட்ச் எங்கள் மைதானத்தில் நடந்தது. டிரா செய்தால் முதல் டிவிஷன். அன்று ஞாயிறு என்பதால் அக்காவும் ஜீப்புப் பெண்களும் வெள்ளைச் சோளப்பொரியோடு வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலையில் பெய்த மழையில் தரை சேறு. ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தேன். பச்சை நிறம் மாறாத, தடித்த, முதல் ரகக் காய். நான் அவர் மூஞ்சியைப் பார்த்தேன். "என்ன பாக்குற, வெரசா வா" என்று போய்விட்டார்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி ஐந்து நிமிஷம். போன வருஷம் போலவே. அப்போது எங்கள் கோல்கீப்பர் முன்னால் ஓடி வந்து சேற்றில் வழுக்கி விழுந்தான். பந்து எதிர் ஃபார்வர்டு காலில். காலியான கோல், நடுவில் நான் ஒருத்தன். நான் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன், நான் காலி செய்யும் இடத்தைப் பார்த்து அவன் அடிக்கக் காலைத் தூக்கிவிட்டான்.

பீ...ப் என்று ஒரு விசில்.

நான் நின்றேன். ஓடிய ஓட்டத்தில் அப்படியே, அச்சடித்த மாதிரி நின்றேன். நான் போய்விடுவேன், அந்த இடம் திறக்கும் என்று நம்பி அவன் அடித்த பந்து நேராக என் வயிற்றில் வந்து விழுந்தது. மூச்சு நின்றுவிட்டது. பந்து தெறித்து எங்கோ போக, எங்கள் ஆள் எவனோ அதைக் கோல் லைன் தாண்டி ரோட்டுக்கே உதைத்துத் தள்ளினான்.

"ஹேண்ட்பால்! ஹேண்ட்பால்!" என்று எதிர் டீம் முழுக்க ரெஃப்ரியைச் சூழ்ந்தது. அவர்களுக்கும் என் சரித்திரம் தெரியும். ரெஃப்ரி என்னிடம் வந்தார். நான் குனிந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தேன்.

"கையில என்ன? கையைத் தொற."

இரண்டு கையையும் விரித்தேன். நசுங்கிய ஏலக்காய். மணம் குப்பென்று எழுந்தது. கை இரண்டிலும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. என் சட்டையில், தொப்புளுக்கு நேராக, பந்து அளவுக்கு வட்டமாகச் சேறு. ரெஃப்ரி அந்த வட்டத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ஒரு காயை எடுத்து மோந்தும் பார்த்தார். கார்னர் என்று கையைக் காட்டினார். அந்தக் கார்னரும் வீணாகப் போனது. அப்புறம் நீளமாக ஊதினார். முடிந்தது.

அக்கா மைதானத்துக்குள் ஓடி வந்து என் தலையில் பொரியைக் கொட்டினார். கேப்டன் என் கையைப் பிடித்துப் பார்த்து, "யோவ், முதல் ரகம்யா அது, இப்படிக் கசக்கி வச்சிருக்க" என்றார். கண்ணில் தண்ணீர்.

நான் ரோட்டைப் பார்த்தேன். தேவாரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. கூடையோடு ஓர் அம்மா இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பின்படியில் மச்சான், வாயில் விசிலோடு, திருடனைப் போல முழித்துக்கொண்டு நின்றார்.

நேராக அவரிடம் போனேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவர்தான் முதலில் பேசினார்.

"மாப்ளே, சத்தியமா மறந்துட்டேன். அந்தம்மா நிறுத்துன்னு கத்துச்சு, வாய் தன்னால ஊதிருச்சு."

"எனக்கும் கால் தன்னாலதான் மச்சான் நின்னுச்சு" என்றேன்.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மூஞ்சி மெல்ல மலர்ந்தது. "அப்ப நான் ஊதலைன்னா கோலு விழுந்திருக்கும்ல? கிளப்பை ஏத்திவிட்டது நான்தான்னு சொல்லு!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். இனி எல்லா விசேஷ வீட்டிலும் இதைத்தான் சொல்லப் போகிறார் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவருடைய வலது கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை தடித்துக் காய்த்துப் போயிருந்தது. ஒரு சீசன் முழுக்கத் தகரத்தில் தட்டிய கை. அந்தக் கையில் என்னிடமிருந்த ஏலக்காயை எல்லாம் வைத்து மூடினேன். அவர் ஒன்றை வாயில் போட்டு மென்றார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"நேரமாச்சு மச்சான், ஊதுங்க" என்றேன்.

"ஊதவா?"

"ஊதுங்க."

அவர் இரண்டு விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. சேற்றுக்குள் என் வலது காலும் தன்னால் இல்லாத ஆக்சிலேட்டரை மிதித்தது.