நெய்வேலி: பிளஸ் எது என்று சொன்னவரை யாரும் கேட்கவில்லை

அப்பாவின் இடது கண்ணுக்குப் புதுச்சேரியில் ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குள் அட்மிட் ஆக வேண்டும், தவறினால் இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். கும்பகோணத்திலிருந்து ஒரே மூச்சாகப் போனால் அவருக்கு முதுகு தாங்காது. அதனால் திங்கள் மாலை சேத்தியாத்தோப்பு, வடலூர் வழியாக வந்து, நெய்வேலி டவுன்ஷிப்பில் தங்கையின் குவார்ட்டர்ஸில் தங்கினோம். எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம்.

காலை ஏழரைக்குச் சாவியைத் திருப்பினால் கார் முனகக்கூட இல்லை. பார்க்கிங் லைட்டை அணைக்க மறந்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

எதிர் வீட்டுக்காரர் மைன்ஸில் எலக்ட்ரிக்கல் பிரிவில் பர்மனென்ட். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தன் காரையும் ஜம்பர் கேபிளையும் கொண்டுவந்தார். என் பேட்டரியில் இரண்டு ஒயரும் கறுப்பு, குறிகள் அழுக்கில் மறைந்திருந்தன. "வலது பக்கம்தான் பிளஸ், என் வண்டியிலயும் அப்படித்தான்" என்று சிவப்பு கிளிப்பை எடுத்தார்.

பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர், டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து ஊர்க்காரர், எட்டிப் பார்த்தார். கான்ட்ராக்ட் தொழிலாளி. "சார், தடியா இருக்கிற முனைதாங்க பிளஸ். இதுல இடது பக்கம் தடியா இருக்குது. தொடச்சிப் பாத்துட்டு மாட்டுங்க."

"இருபது வருஷமா கரண்ட்லதான் வேலை பாக்கறேன். நீ போய்ப் புல்லை வெட்டு."

எனக்கும் காதில் விழுந்தது. பர்மனென்ட்டுக்குத் தெரியாததா என்று நின்றேன். கிளிப் மாட்டியதும் சடசடவென்று பொறி பறந்து மெயின் ஃபியூஸ் போய்விட்டது. "பேட்டரி சரியில்ல, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கப் போனார். ஒரு மன்னிப்பு கிடையாது!

புல் வெட்டியவர்தான் கருகிய ஃபியூஸை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார். "வடக்குத்துல கடை தொறக்கறவரைக்கும் பாத்துகினு நின்னு வாங்கியாரேங்க." ஒன்பதரைக்குத் திரும்பினார். விலை 220 ரூபாய், பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்க மறுத்துவிட்டார். முனைகளைத் துடைத்தார். இடது பக்கம் பிளஸ் குறி தெளிவாகத் தெரிந்தது.

அப்போதுதான் வேலை முடிந்து வந்த தங்கை கணவரின் காரைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு வண்டியையும் அணைத்துவிட்டு மாட்டினார். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில், அதன் மறுமுனை என் பேட்டரியைத் தொடாமல் இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில். நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு என் சாவியைத் திருப்பியதும் உயிர் வந்தது. கழற்றியது அப்படியே தலைகீழ் வரிசையில். "ஊர் போனதும் ஒரு ராத்திரி ஸ்லோ சார்ஜ் போடுங்க, ஓடறது மட்டும் பத்தாதுங்க" என்றார்.

பத்து மணிக்குக் கிளம்பி, பண்ருட்டி வழியாகப் புதுச்சேரி சேரும்போது பன்னிரண்டேகால். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. "இன்னும் ஒரு மாசம் ஒத்தைக் கண்ணுதானா" என்று கேட்டுவிட்டு அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

பழைய காரில் வருபவர்கள் கிளம்பும் முன்பே பேட்டரி முனைகளைத் துடைத்து, பிளஸ்ஸில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். மாட்டும்போது யாராவது "இருங்க" என்றால், யார் சொன்னாலும் கையை நிறுத்துங்கள்.

மாலை நன்றி சொல்லலாம் என்று தங்கை கணவரிடம் போனில் அந்தப் புல் வெட்டியவரின் பெயரைக் கேட்டேன். "பேர் தெரியலையே மச்சான். மூணு வருஷமா நம்ம பிளாக்குக்கு வர்றார், கான்ட்ராக்ட் ஆளு." மூன்று வருடமா என்று கத்த வாயெடுத்தேன். காலையில் அரை மணி நேரம் அவர் பக்கத்திலேயே நின்ற நானும் கேட்டிருக்கவில்லை.