காலரில் கோடு இல்லாத சேவகர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கோயில் விஷயம், நாலு பேர் வாயில் விழுந்தால் நம் பங்குக் கோயிலுக்குத்தானே கேவலம் என்று ஒரு பயம். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். படித்தவர்களைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று ஒரு கூச்சம். என் வீட்டுக்காரர் வேறு, "வுடு, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று சொல்லிச் சொல்லியே என் கையைக் கட்டிப்போட்டார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கண்ணால் கண்டவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டால், சாட்சி என்ற வார்த்தையை எதற்குத்தான் வேதத்தில் அத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறது?

எங்கள் வீடு பட்டினப்பாக்கத்தில், கடற்கரைக்கு முந்தின குடியிருப்பில். மாமனார் கடலில் மீன் பிடித்தவர். வீட்டுக்காரர் அப்போது ஆழ்வார்பேட்டையில் ஓர் அலுவலக வாசலில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகிற அலுவலகம். கார் வந்தால் சல்யூட் அடித்துக் கதவைத் திறக்க வேண்டும். ஓவர் டைம் எல்லாம் சேர்த்து மகளைக் காலேஜில் படிக்கவைத்ததே அந்த வாசல்தான்.

எங்கள் பங்கில் ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரத்தில், ஆண்டவர் பாடுபட்டுச் சிலுவையில் மரித்ததைக் காட்டுகிற பாஸ்கா நாடகம் போடுவார்கள். யாருக்கு எந்த வேஷம் என்பது எந்தக் கூட்டத்திலும் முடிவு செய்வதல்ல, வழிவழியாக வருவது. ஆண்டவரைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு இந்தப் பழி என்மேல் இல்லை என்று கை கழுவுகிற பிலாத்து, தலைமைக் குரு, நூற்றுவர் தலைவர் எல்லாம் மயிலாப்பூர் பக்கத்து வாத்தியார் வீடுகளுக்கு. வசனம் அதிகம், உச்சரிப்பு சுத்தமாக வேண்டும் என்பார்கள். சாட்டை எடுக்கிற சேவகர் வேஷம் எங்கள் பக்கத்துக்கு. அதற்கு வசனமே கிடையாது. மாமனார் சேவகர், அவருக்கு அப்பாவும் சேவகர், அப்புறம் என் வீட்டுக்காரர்.

ஆனால் அந்த வேஷத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த மரியாதை வேறு யாருக்கும் தெரியாது. சாட்டை எடுக்கிறவர் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் மீன், கறி தொடமாட்டார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் மேடை ஏறுவார். அடிக்கிற காட்சிக்கு முன்னால், ஆண்டவர் வேஷம் போட்டவர் காலைத் தொட்டு, "மன்னிச்சிக்க ஆண்டவரே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் சாட்டையை ஓங்குவார். சனங்கள் முன்னாலேயே நடக்கும். அதைப் பார்த்து அழாதவர்கள் குறைவு.

அந்த வருடம் நாடகக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஒரு காலேஜில் சரித்திரம் நடத்துகிற சார். அவர்தான் பிலாத்தும். "ரோமாபுரிச் சேவகன்னு எத்தனை நாளைக்கு அட்டைக் கவசமும் பாவாடையும் கட்டிட்டு நிக்கறது? எல்லாக் காலத்துலயும் ஆண்டவரை அடிச்சிட்டுத்தான் இருக்காங்க. நாம ஜெர்மன் படை யூனிஃபார்ம் போடலாம்" என்றார். நினைப்பு தப்பென்று நான் சொல்லமாட்டேன். கேட்டபோது எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

வடபழனியில் சினிமாவுக்கு உடுப்பு வாடகைக்கு விடுகிற கடையில் சாரே போனில் பேசி, இன்ன செட்டு என்று சொல்லிவிட்டார். மூட்டையைத் தூக்கிவரத்தான் என் வீட்டுக்காரரை அனுப்பினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகைக்கு நான் சுக்குக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போவேன். அன்றைக்கு மூட்டையை அவிழ்த்தார்கள். காக்கியும் பழுப்புமாகச் சட்டைகள், முழங்கால் வரை பூட்ஸ், கையில் கட்டுகிற சிவப்புப் பட்டி. பட்டியில் வளைந்த சிலுவை மாதிரி ஒரு சின்னம். வீட்டுக்காரரோடு சேவகர் வேஷம் போடுகிற எதிர் பிளாக் ஆட்டோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, தி.நகர் நகைக்கடை வாசல்ல போட்டு கீறா மாதிரியே கீதே. நல்ல சகுனம்தான்."

சார் சிரித்துவிட்டு, அது வேறு இது வேறு என்று ஒரு பாடமே நடத்தினார். முதல் உலகப்போரில் தோற்று ஊர் திரும்பியவர்கள், வேலை வெட்டி இல்லாதவர்கள், இவர்களுக்குப் பழுப்புச் சட்டையும் ஒரு வேளைச் சூப்பும் கொடுத்து, கூட்டத்தில் எதிராளியை அடிப்பதற்காக ஒரு கட்சி சேர்த்த படை அது என்றார். அரசாங்கப் பட்டாளம் இல்லை. ஆனால் பட்டாளம் மாதிரியே பதவிப் பெயர்கள்.

"அடிமட்டத்துல இருக்கறவனுக்குப் பேரு வெறும் 'மான்'. ஆளுன்னு அர்த்தம். காலர் மொட்டையா இருக்கும். அதுக்கு மேல ஒரு கோடு, 'ஷ்டூர்ம்மான்'. ரெண்டு கோடு போட்டா 'ரோட்டன்ஃப்யூரர்', நாலஞ்சு பேருக்குத் தலைவன். அதுக்கும் மேல போனா நட்சத்திரம் வரும்."

"மானா? ஆடு, மாடுன்னு வெக்காம வுட்டானே, அத்த சொல்லு" என்றார் ஆட்டோக்காரர்.

"எனக்கு எத்தினி கோடு சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆசையாகத்தான் கேட்டார்.

"நீ அடிக்கறவன்ப்பா. மொட்டைக் காலர்."

"ஆபீஸ் வாசல்லயும் மொட்டை, இங்கயும் மொட்டை. உன் தலையெழுத்த மாத்த முடியுமா நைனா?" என்று ஆட்டோக்காரர் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பிலாத்துக்கு மட்டும் முழங்கால் வரை தொங்குகிற அதிகாரி கோட்டு. அதில் கைப்பட்டி கிடையாது.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொன்னார். மகள் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. "அப்பா, அந்தப் பட்டியைக் கட்டினவங்கதான் யூதர்களை லட்சம் லட்சமா கொன்னாங்க. குழந்தைங்களைக் கூட" என்றாள். வீட்டுக்காரர் தட்டை ஒதுக்கிவைத்தார். அப்புறம், "நம்ம ஆண்டவரு எந்த சனம்? மாதா எந்த சனம்?" என்று கேட்டார். யூத சனம்தானே என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டு எழுந்து கை கழுவினார்.

மறுநாள் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் போய் நின்றார். நான் காப்பி டம்ளரோடு பக்கத்தில் இருந்தேன்.

"சார், சட்டைய போட்டுக்கறேன். இந்தப் பட்டி மட்டும் வேணாம் சார். மனசு ஒப்பல."

"பட்டி இல்லன்னா அது வெறும் வாட்ச்மேன் சட்டை மாதிரி இருக்கும்ப்பா. உன்னைப் பார்த்தா யாருக்குப் பயம் வரும்?"

"அப்ப கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்கறது இன்னா ஆவும்?"

"அதுவும் இந்த வருஷம் கிடையாது. ஜெர்மன்காரன் எங்கேயாவது கால்ல விழுவானா?" சார் மற்றவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "அந்தப் படையில மொட்டைக் காலர் கேள்வி கேக்கறதில்ல தெரியுமா. கேட்டா ஒரு கோடு கூட வராது."

குழுவில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். சிரிக்கவும் செய்தார்கள். வீட்டுக்காரர் பட்டியைக் கட்டிக்கொண்டார். நாடகத்தன்று திரைக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், ஆண்டவர் வேஷக்காரர் காலில் யாருக்கும் தெரியாமல் விழுந்து எழுந்தார். அதை எந்த செல்போனும் படம் பிடிக்கவில்லை.

பிடித்த படம் வேறு. சாட்டையை ஓங்கியபடி, கைப்பட்டி பளிச்சென்று தெரிய, என் வீட்டுக்காரர். இடது பக்கத்தில், கோட்டு போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்த பிலாத்துவை யாரோ வெட்டிவிட்டார்கள். ஆண்டவரும் பாதிதான் இருந்தார். அந்தத் துண்டுப் படத்துக்குக் கீழே, கொலைகார ஜெர்மன் சர்வாதிகாரிக்குச் சென்னையில் ஒரு பக்தன் என்று எழுதி, போன் போனாகச் சுற்றவிட்டார்கள். ஈஸ்டர் திங்கள்கிழமை ஆழ்வார்பேட்டை மேனேஜர் அதை இவருக்கே காட்டினார்.

"நாடகம் சார், கோயில் நாடகம்" என்றிருக்கிறார்.

"நாடகம்னே வெச்சுக்கறேன். இந்த டிரெஸ்ஸை நீயா எடுத்தியா, யாராவது போடச் சொன்னாங்களா? சொன்னவங்களை வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்டார் மேனேஜர். அவரைக்கூட நான் குறை சொல்லவில்லை.

மயிலாப்பூரில் சார் வீட்டுக்கு நானும் அவரும் போனோம். சாரின் மனைவி காப்பி கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், மரியாதையில் குறையில்லை. சார் படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா பாரு, என் பையன் வெளிநாட்டுப் படிப்புக்கு விசா போட்டிருக்கான். இந்தச் சமயத்துல என் பேரு இதுல வரக்கூடாது."

"பேரு வேணாம் சார். மேனேஜர்கிட்ட போன்ல சொன்னா போதும். நீங்கதான் டிரெஸ் சொன்னீங்கன்னு."

"நான் யோசனைதான் சொன்னேன். முடிவு பண்ணினது பங்குப் பேரவை. ஃபாதரும் சரின்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் இல்லாம, வடபழனியில போய் எடுத்துட்டு வந்தது இவர்தானே?" என்றார்.

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் நிர்வாகம் பார்க்கிற பேரவைக்காரர்களைக் கேட்டேன், நாடகக் குழு விஷயத்தில் நாங்கள் தலையிடுவதில்லை என்றார்கள். குழுவைக் கேட்டேன், சேவகர்கள் அவர்களாகவே உடுப்பு ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று ஒரே மாதிரி சொன்னார்கள், மனப்பாடம் செய்ததைப் போல. ஒத்திகையில் சிரித்த வாய்கள்தான். பங்குச் சாமியார் மட்டும் எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். அவருக்கு அந்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. வாசலில் வந்து சொல்ல ஆளில்லாமல் வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று.

அந்த நாட்களில் மகளிடம், அந்தப் படையில் அடிமட்டத்தில் இருந்தவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று தேடிப் படித்துச் சொல்லச் சொன்னேன். நான் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பேன், அவள் போனைப் பார்த்துச் சொல்வாள். பழுப்புச் சட்டைக்காரர்கள் தெருத்தெருவாக அடித்துக் கட்சியை அரியணையில் ஏற்றினார்களாம். ஏறியதும் அவர்களுடைய தலைவர்களையே கட்சி கொன்றுபோட்டதாம். அதிகாரம் அதே கட்சியின் கறுப்பு உடுப்புப் போட்ட இன்னொரு படையின் கைக்குப் போனது. ஆனால் காலர்க் கோடுகளும் பதவிப் பெயர்களும் ஏறக்குறைய அதே மாதிரிதான் தொடர்ந்தன. அடுத்த கோடு வரும் வரும் என்று காட்டியே கீழே இருந்தவனைக் கொலைமுகாம் வாசல்வரைக்கும் நடத்தியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்து விசாரணை வந்தபோது கீழே இருந்தவன் 'மேலே சொன்னார்கள்' என்றான். மேலே இருந்தவன் 'நான் யாரையும் கையால் தொடவில்லை' என்றான். முகாமில் காவல் நின்ற சிலரை, தொண்ணூறு வயதுக்கு மேல், சக்கர நாற்காலியில் வைத்துக் கோர்ட்டுக்குத் தள்ளிவந்தார்களாம், இந்தக் காலத்தில். அவர்களைவிடப் பெரிய நட்சத்திரம் வைத்திருந்த எத்தனையோ பேர் பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, மெத்தையில் செத்தார்கள்.

அந்தக் கிழவர்களுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். குழந்தையைச் சாவுக்கு அனுப்பிய வாசலில் காவல் நின்றவன் கோடு இல்லாதவன் என்பதற்காக ஆண்டவர் சும்மா விடமாட்டார். என் வீட்டுக்காரரை அவர்களோடு சேர்த்து வைத்தும் பேசவில்லை. இவர் நாடகத்தில் நின்றவர், அவர்கள் நிஜத்தில் நின்றவர்கள். என் வயிறு எரிவது வேறு இடத்தில். அந்தப் படையின் கதையை எங்களுக்கு நின்று நிதானமாக நடத்தியவர், மொட்டைக் காலர் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லிச் சிரித்தவர், அதே பாடத்தை எங்கள் வீட்டின் மேலேயே நடத்திக் காட்டினாரே. படித்தது எதற்கு? சரித்திரம் தெரிந்தவர் பயப்பட வேண்டிய இடம் அதுதானே?

பல மாதம் அவர் வீட்டில் இருந்தார். மகள் சாயங்காலம் ஒரு கடையில் நின்று, காலேஜ் படிப்பை விடாமல் முடித்தாள். அப்புறம் வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்க்கிங் பார்க்கிற வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு.

அடுத்த தவக்காலத்தில் குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பழைய ரோமாபுரி உடுப்புதான் இந்த முறை, உங்கள் குடும்பத்து வேஷம் விட்டுப்போகக்கூடாது என்றார்கள். பிலாத்து யார் என்று இவர் கேட்டார். அதே சார்தான் என்றார்கள்.

"வர்றேன். சாட்டை எடுக்கறேன், அது நான் செய்யற தவம்" என்றார் வீட்டுக்காரர். "ஆனா பிலாத்து கை கழுவறப்ப சொம்புல தண்ணி ஊத்தறது சேவகர் வேலை. அத்த நான் செய்யமாட்டேன். அவரே ஊத்திக்கட்டும்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. சேவகர் வேஷம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. இவர் இன்றும் தவக்காலத்தில் மீன் தொடுவதில்லை. பரிசுத்த வாரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று நாடகம் பார்ப்பார். அடிக்கிற காட்சி வரும்போது உதடு மட்டும் அசையும். சாரை எதிரில் பார்த்தால் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார். என்னால் இன்னும் முடியவில்லை. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படம் உங்கள் போனுக்கு இன்னமும் வரலாம். அது போன வழியிலேயே இதையும் அனுப்புங்கள். சாரைத் திட்டி ஒரு வரி சேர்க்காதீர்கள். அவர் மனைவி காப்பி கொடுத்ததை எழுதிய வரியை எடுத்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் பட்டியைக் கட்டிக்கொண்டார் என்று நான் எழுதியிருப்பதையும் மறைக்காதீர்கள். ஓரத்தில் எதையும் வெட்டாமல், எழுதியது எழுதியபடியே நாலு பேருக்குப் போகட்டும்.