வண்டி நுழையாத பாதை

காரைக்காலில் யார் இறந்தாலும் முதலில் தெரிந்துகொள்பவனாக நான் ஒரு வருடம் இருந்தேன். வீடு இருக்கும் கோவில்பத்திலிருந்து நான் வேலை பார்க்கும் பெயின்ட் கடைக்கு நடந்துதான் போவேன். பாதி வழியில் இடது கெண்டைக்காலை யாரோ உள்ளிருந்து முறுக்கிப் பிழிவதுபோல வலிக்கும். நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். சும்மா நின்றால் பார்ப்பவர்கள் கேட்பார்களே என்று, சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகளைப் படிப்பதுபோல நிற்பேன். வயது, ஊர், பேரப்பிள்ளைகளின் பெயர் உட்பட எல்லாம் அத்துப்படி.

வாய்வு என்று நினைத்தேன். பூண்டு தின்றேன், தைலம் தேய்த்தேன். உங்களில் சிலர் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. நான் நூற்பாலையில் வேலை பார்த்தவன். மில் மூடும்வரை இரண்டு இயந்திர வரிசைகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்து, அறுந்த நூலை ஒட்டவைப்பதுதான் என் பிழைப்பு. ஒரு ஷிப்டு முழுக்க உட்காராமல் நடந்த கால், இப்போது தெருமுனையைத் தாண்ட அடம்பிடித்தது.

கடைசியில் என் மனைவி செல்வி என்னை மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். டாப்ளர் (ஒலி அலைகளைக் கொண்டு ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். தொடையில் தமனி (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) அடைத்திருந்தது. சர்க்கரை பாதி காரணம், மில்லில் பழகிய பீடி மீதி.

"மெயின் வாய்க்கால் அடைச்சிருக்குங்க," என்றார் டாக்டரம்மா. "வலிக்க வலிக்க நடந்தீங்கன்னா பக்கத்துல உள்ள சின்ன வாய்க்காலெல்லாம் பெருசாகும். மாத்திரையை விடாம போடுங்க, பீடியை இன்னியோட விட்டுடுங்க. மூணு மாசம் பார்ப்போம்."

"நடக்கற தூரம் கூடலைன்னா?"

"ஆபரேஷன் பத்திப் பேசணும். பீடியையும் விடலைன்னா ஒரு நாள் காலையே எடுக்கற மாதிரி ஆயிடும்."

வெளியே வந்து, சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பிறகு ஒன்றையும் தொடவில்லை. அதில் நான் உத்தமன். நடையில்தான் ஏமாற்றினேன்.

நம் ஊரில் தெரிந்தவன் ஒருவன் நடந்துபோவதைப் பார்த்துவிட்டு யாரும் வண்டியை நிறுத்தாமல் போகமாட்டார்கள். போனால் மரியாதை இல்லை. வலி ஆரம்பித்து நான் பல்லைக் கடிக்கும் நேரம் பார்த்து, என்னோடு மில்லில் இருந்த ராஜேந்திரன் ஸ்கூட்டரில் வந்து நிற்பான். "ஏறுங்கண்ணே, என்ன நடராஜா சர்வீஸா?" அவன் வராவிட்டால் கிளிஞ்சல்மேட்டு மீன்காரர், அவரும் இல்லாவிட்டால் எதிர்வீட்டுப் பையன். மாட்டேன் என்றால் வருத்தப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறிவிடுவேன். உண்மையில், கூப்பிடமாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா மருத்துவமனை நடைக்கூடத்தில் என்னை நடக்கவிட்டார். பழைய தூரத்திலேயே கால் பிடித்துக்கொண்டது.

"தினம் நடந்தீங்களா?"

"நடந்தேங்க."

"எங்கங்க நடந்தாரு?" என்றாள் செல்வி. "வாசலை விட்டு எறங்குற வரைக்கும்தான் நடை. அப்பறம் ஊரே இவரைத் தூக்கிட்டுப் போவுது."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரெண்டு மாசம்தாங்க இருக்கு," என்றார்.

மறுநாள் காலை செல்வி என்னை அரசலாற்றங்கரை நடைபாதைக்குக் கூட்டிப்போய் விட்டாள். நுழைவில் இரும்புக் குழாய்கள் நட்டிருந்தன. ஆள் நுழையலாம், வண்டி நுழையாது. "இப்ப எவன் வந்து ஏத்திக்கிறான்னு பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முதல் நாள் மூன்றாவது விளக்குக் கம்பத்தில் வலி வந்தது. வந்ததும் நிற்கக் கூடாது. இனி முடியாது என்ற இடத்துக்குச் சற்று முன்புவரை போய், நின்று, வலி வடிந்ததும் மறுபடி நடக்க வேண்டும். ஐந்தாவது கம்பத்தில் பெஞ்சில் விழுந்தேன். கண்ணில் நீர் வந்தது. எழுந்தேன்.

இரண்டு வாரத்தில் வலி ஐந்தாவது கம்பத்துக்குத் தள்ளிப்போயிற்று. அடுத்த வாரம் எட்டு! ஊரே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை, ஆனால் செல்விக்குப் போன் செய்து, "எட்டு! எட்டு!" என்றேன். "என்னங்க எட்டு?" என்று பயந்துவிட்டாள். அதன்பின் விடிவதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எதிர்க்கரையில் விசைப்படகுகள் கிளம்பும். கடல் ஏற்றம் ஆற்றுக்குள் வந்து, தண்ணீர் மேற்கே திரும்பி ஓடும். இத்தனை வருடம் இதே ஊரில் இருந்தும் அரசலாற்றை நான் பாலத்தின்மேல் பஸ்ஸில் இருந்துதான் பார்த்திருக்கிறேன்.

ராஜேந்திரன் விடுவானா? நடைபாதையை ஒட்டிய சாலையில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே வந்தான். "வெளில வாங்கண்ணே, டீ குடிச்சுட்டுப் போவோம்."

"எனக்குக் கால் வேணும்டா," என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாததைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முழுக்கச் சொன்னேன். அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து கூடவே நடந்தான். அவனுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது.

உங்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்காதீர்கள். படுத்திருக்கும்போதே கால் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ நடையெல்லாம் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, வெட்கப்பட்டுச் சுவரைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மூன்றாம் மாதச் சோதனையில், "இப்போதைக்கு ஆபரேஷன் வேணாங்க," என்றார் டாக்டரம்மா. அடைப்பு அப்படியேதான் இருக்கிறது, சுற்றி வழி கிடைத்திருக்கிறது. அன்று மாலை செல்வியையும் நடைபாதைக்கு அழைத்துப்போனேன். சென்னையில் இருக்கும் மகள் பொங்கலுக்கு வருவாளா மாட்டாளா என்று வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை. நான் வருவாள் கட்சி.

"கொஞ்சம் நில்லுங்களேன், மனுஷிக்கு மூச்சு வாங்குது," என்றாள் பின்னாலிருந்து.

நின்றேன். கம்பங்கள் எல்லாம் முடிந்து, முன்னால் கடல் இருந்தது.

"கால் வலிக்குதா?" என்றாள்.

அவள் கேட்ட பிறகுதான் எனக்குக் காலின் நினைவே வந்தது.